உழையிருந்த வாழ்வு

மருத்துவம் எத்தனை கூறுகளை உடையது என வகுத்துரைக்க வந்த திருவள்ளுவர், நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து என்னும் மூன்றோடு அமைந்துவிடாது, உழைச்செல்வான் என ஒருவனையும் நான்காவதாக வைத்து எண்ணினார். உழை என்பது பக்கத்தைக் குறிக்கும் சொல். நோயாளியின் பக்கத்தே நின்று, வேளை தவறாது மருந்தூட்டி, உடல் துடைத்து, உறங்காது காத்திருப்பவனே உழைச்செல்வான். இன்றைய உலகில் இப்பணி பெரும்பாலும் பெண்களைச் சார்ந்ததாயிற்று. எனினும், மருத்துவர்களின் பெயரைக் கல்லிற் பொறிக்கும் வரலாறு தாதியரின் பெயரை எழுதி வைப்பது அரிது. அவர்தம் பணியின் இயல்பும் அத்தகையதே. நோய் தீர்ந்தவன் எழுந்து நடந்ததும் பக்கத்தே நின்றவளை மறந்துவிடுதல் உலக வழக்கு.

தென்னாபிரிக்காவின் அல்பேர்ட்டினா சிசுலு மறக்கப்பட்டவர் அல்லர். அந்நாட்டு விடுதலைப் போராட்டத்தின் தாய் எனப் போற்றப்படுபவர் அவர். ஆயினும் அவரைப் பற்றிப் பேசுவோர், வோல்டர் சிசுலுவின் மனைவி என்றோ, மண்டேலாவின் தோழி என்றோ, அரசியற் போராளி என்றோ அறிமுகம் செய்கின்றனரே அன்றி, ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் அவர் தாதியாகப் பணியாற்றியவர் என்பதனை ஒரு வரியிற் கூறி அப்பாற் சென்றுவிடுகின்றனர். அவ்வாழ்வை ஊன்றி நோக்குமிடத்து, ஏனைய எல்லாப் பெயர்களும் அவ்வொரு பெயரினின்றே கிளைத்தன என்பது புலனாகும்.

1918ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 21ஆம் நாள், திரான்ஸ்கேய்ப் பிரதேசத்துச் சிற்றூர் ஒன்றில் அவர் பிறந்தார். உலகெங்கும் பரவிய பெருங்காய்ச்சல் தென்னாபிரிக்காவைச் சூறையாடியது அந்த ஒக்டோபரிலேயே. வீட்டார் இட்ட பெயர் நொன்சிகெலெலோ. ஆசீர்வாதத்தின் தாய் என்பது அதன் பொருள். அல்பேர்ட்டினா என்பது மிசன் பாடசாலையிற் சேர்ந்தபோது வாய்த்த பெயர். தந்தையார் சுரங்கங்களில் உழைத்து, நெஞ்சு நோயுற்று, மகளுக்குப் பதினொரு வயதாயிருக்கையில் இறந்தார். தாயாரும் உடல் நலிந்தவர். எனவே தம்பி தங்கையரைத் தாங்கும் பாரம் பள்ளிச் சிறுமியொருத்தியின் தோளில் வந்து பொறுத்தது. அவர்களைப் பராமரிக்கும் பொருட்டு அவர் இடையிடையே படிப்பை நிறுத்த வேண்டியதாயிற்று.

இந்த இடைநிறுத்தமே பின்னர் ஒரு தடையாக வந்து நின்றது. உயர்தரக் கல்விக்கான உதவித் தொகையொன்றைப் போட்டியில் வென்றும், வயது சற்றுக் கூடிவிட்டது என்னும் காரணத்தால் அது மறுக்கப்பட்டது. ஆசிரியர்கள் இவ்வநீதியை உள்ளூர்ப் பத்திரிகையில் எழுதினர். அதனைக் கண்ணுற்ற கத்தோலிக்கக் குருமார் மட்டட்டியேல் என்னும் ஊரிலுள்ள மரியசெல் கல்லூரியில் அவருக்கு இடமளித்தனர். விடுமுறைக் காலங்களில் கல்லூரி வயலில் உழுதும், சலவைக் கூடத்தில் உழைத்தும் விடுதிச் செலவை அவர் ஈடுசெய்தார். திருப்பலியும் செபமும் உடலுழைப்பும் ஒருங்கே அமைந்த அந்தச் சூழலில் அவரது விசுவாசம் வேரூன்றியது. கன்னியர் மடத்திற் சேர்ந்துவிடுவதெனவே அவர் எண்ணியிருந்தார்.

ஆனால் மடத்திற் சேர்ந்தவருக்குச் சம்பளம் இல்லை; உறவைப் பிரிந்தும் வாழ வேண்டும். ஊரில் உள்ள உடன்பிறப்புகளுக்கு உணவளிப்பது யார்? குருவானவர் ஒருவர் இதனை எடுத்துரைத்து, தாதியர் பயிற்சிக்குச் செல்லுமாறு அறிவுறுத்தினார். பயிற்சிக் காலத்திலேயே சிறு ஊதியமும் கிடைக்கும் என்பது அவரது ஆலோசனை. இது வறுமை காரணமாக இலட்சியத்தைக் கைவிட்ட கதைபோலத் தோன்றலாம். உண்மை அதுவன்று. இறைவனுக்குத் தம்மை அர்ப்பணிக்க விரும்பிய பெண், அவ்வர்ப்பணிப்பைத் தேவாலயத்தினின்று நோயாளியின் படுக்கையருகே கொண்டுசென்றார் என்றே கொள்ளல் தகும். துறவாடைக்குப் பதிலாகத் தாதியின் வெள்ளைச் சீருடை வாய்த்தது.

1940ஆம் ஆண்டு ஜோகானஸ்பேர்க் நகரில், ஐரோப்பியர் அல்லாதோர்க்கென ஒதுக்கப்பட்டிருந்த வைத்தியசாலையில் அவர் பயிற்சி தொடங்கினார். கிராமத்துப் பெண்ணாகிய அவர் இனவேற்றுமையின் முகத்தை நேருக்கு நேர் கண்டது அங்கேதான். நகரில் நிகழ்ந்த பெரும் விபத்தொன்றில் காயமுற்ற கறுப்பின மக்கள் கூட்டமாகக் கொண்டுவரப்பட்டபோது, அவர்களுக்குக் கட்டில் போதவில்லை. பலர் தரையிற் கிடத்தப்பட்டனர். வெள்ளையர் பகுதியிலோ கட்டில்கள் வெறுமையாய்க் கிடந்தன. அவற்றைத் தருமாறு கேட்டும் மேலிடம் இணங்கவில்லை. பயிற்சி தொடங்கிய மறுவருடம் தாயார் இறந்தபோது, அடக்கத்திற்குச் செல்ல அவருக்கு விடுமுறை கிடைக்கவில்லை. அந்நாள்வரை அரசியல் என்பதைக் கனவிலும் கருதாதவர் அவர். காயத்தைக் கண்டால் கட்டுவதே தாதியின் கடமை எனக் கற்றவர், காயத்திற்கும் நிறம் பார்க்கப்படுகின்றது என்பதை அத்தரையிலே கண்டார். பின்னாளில் அவர் ஏந்திய கொடிகள் அனைத்திற்கும் அந்த வைத்தியசாலைத் தரையே பிறப்பிடம் எனலாம்.

உடன்பிறப்புகளைக் கரை சேர்க்கும்வரை திருமணம் செய்வதில்லை என அவர் உறுதி பூண்டிருந்தார். வோல்டர் சிசுலுவைச் சந்தித்ததும் அவ்வுறுதி தளர்ந்தது. அவ்வுடன்பிறப்புகளையும் தம்மவராகக் கருதும் மனம் அவருக்கு இருந்தமையே அதற்குக் காரணம். 1944ஆம் ஆண்டு யூலை மாதம் திருமணம் நிகழ்ந்தது. மாப்பிள்ளைத் தோழராக நின்றவர் நெல்சன் மண்டேலா. அவ்வைபவத்தில் உரையாற்றிய அன்ரன் லெம்பெடே என்னும் இளந்தலைவர், மணமகனுக்கு ஏற்கெனவே ஒரு மனைவி உண்டு, அவள் பெயர் நாடு என்னும் கருத்துப்பட மணமகளை எச்சரித்தாராம். மணப்பந்தலிற் கூறப்பட்ட வேடிக்கையுரைகளுள் இதனைப் போல் எழுத்துக்கு எழுத்துப் பலித்தது வேறொன்று இருத்தல் அரிது.

அத்திருமண ஆண்டிலேயே வேறொரு திருமணமும் நிகழ்ந்தது. அல்பேர்ட்டினாவோடு அதே வைத்தியசாலையிற் பயின்ற எவலின் மாசே, வோல்டரின் உறவினர். சிசுலு இல்லத்திலேயே மண்டேலாவைச் சந்தித்து அவரை மணந்தவர். தோழியர் இருவரும் தாதியர்; இருவரும் கிறிஸ்தவ நம்பிக்கையிலே ஊறியவர்கள்; இருவரும் தம் ஊதியத்தால் அரசியற் கணவரின் குடும்பத்தைத் தாங்கியவர்கள். எவலினின் விசுவாசம் நாளடைவில் அரசியலினின்றும் அவரை விலகி நிற்கச் செய்தது. அம்மணவாழ்வு 1958இல் மணவிலக்கில் முடிந்தது. அல்பேர்ட்டினாவின் விசுவாசமோ கணவரின் பாதையிலே அவரையும் உடன் நடக்கச் செய்தது. இவ்விருவருள் ஒருத்தியை உயர்த்தி மற்றவளைத் தாழ்த்துவது நேர்மையாகாது. வேதம் ஒன்றாயினும் அது மனிதரை அழைக்கும் திசை ஒன்றன்று என்பதற்கு இவ்விரு தோழியர் வாழ்வும் சான்று பகர்கின்றன.

1949ஆம் ஆண்டு வோல்டர் ஆபிரிக்கத் தேசிய காங்கிரசின் செயலாளர் நாயகமாகத் தெரிவானார். பதவி பெரிது, நிலையான வருமானமோ இல்லை. அன்று தொட்டு ஓர்லாண்டோவில் இருந்த அச்சிறு வீட்டின் அடுப்பு எரிந்தது தாதியின் சம்பளத்தால். மக்ஸ், முலுங்கிசி, ஸ்வெலாக்கே, லிந்திவே, நொன்குலுலெக்கோ என ஐந்து பிள்ளைகள் பிறந்தனர். பெற்ற பிள்ளைகளோடு உறவினரின் பிள்ளைகள் மூவரையும் அவர் தம் பிள்ளைகளாகவே வளர்த்தார்.

1954இல் அவர் மருத்துவிச்சியாகவும் தகுதி பெற்று, ஜோகானஸ்பேர்க் மாநகரச் சுகாதாரத் திணைக்களத்தில் வீடு வீடாகச் சென்று பேறு பார்க்கும் பணியில் அமர்ந்தார். வாகனவசதி இருக்கவில்லை. கருவிகள் அடங்கிய பையைத் தலையிற் சுமந்தபடி, புழுதி படிந்த தெருக்களில் அவர் நடந்தார். மின்விளக்கற்ற அறைகளிலே பிறந்த எத்தனையோ குழந்தைகளை முதலில் ஏந்தியவை அவர் கைகள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிறப்பை மட்டுமன்றி, வெறும் பானையையும், ஒழுகும் கூரையையும், அனுமதிப் பத்திரம் இன்மையாற் சிறை சென்ற தகப்பனின் வெற்றிடத்தையும் அவர் கண்டார். அரசியலை நூல்களிற் கற்போர் உளர். மேடைகளிற் கற்போர் உளர். இவர் அதனைப் பேற்றறைகளிற் கற்றார்.

எனவேதான் 1954இல் தென்னாபிரிக்கப் பெண்கள் சம்மேளனம் உருவாகியபோது அதன் முன்னணியில் அவர் நின்றார். கறுப்பினச் சிறார்க்கு அடிமைக் கல்வி புகட்டவந்த பாந்துக் கல்விச் சட்டத்தை எதிர்த்து, தம் வீட்டையே பாடசாலையாக்கினார். 1956ஆம் ஆண்டு ஆகஸ்ற் 9ஆம் நாள், பெண்களும் அனுமதிப் பத்திரம் ஏந்த வேண்டும் என்னும் விதியை எதிர்த்து ஏறத்தாழ 20,000 பெண்கள் பிரிட்டோரியாவின் அரசாங்க மாளிகை நோக்கிச் சென்ற பேரணியில் அவரும் ஒருவர். அடுத்த ஆண்டில் வந்த தாதியர் சட்டம், தாதியரின் பதிவேட்டையும் இனவாரியாகப் பிரித்தது. ஒரே பயிற்சி பெற்று, ஒரே நோயைப் பராமரிப்போரும் ஒரே ஏட்டில் இடம்பெறல் ஆகாது என்பது அரசின் துணிபு. தங்கனிக்கா 1961இல் விடுதலை பெற்று, அங்கிருந்த பிரித்தானியத் தாதியர் பலர் வெளியேறியபோது, தென்னாபிரிக்கக் கறுப்பினத் தாதியர் இருபதின்மர் அந்நாட்டு வைத்தியசாலைகளைத் தாங்கச் சென்றனர். அவர்களைத் திரட்டி அனுப்பியதில் அல்பேர்ட்டினாவின் பங்கும் உண்டு. சொந்த நாட்டிலே தாழ்த்தப்பட்ட கைகள் அயல்நாட்டின் சுதந்திரத்திற்கு உழைச்சென்ற நிகழ்ச்சி இது.

1963ஆம் ஆண்டு குடும்பத்தின் மீது இடி விழுந்தது. விசாரணையின்றித் தொண்ணூறு நாள் தடுத்து வைக்கலாம் என்னும் புதிய சட்டத்தின் கீழ் முதன்முதலாகக் கைதான பெண் அல்பேர்ட்டினாவே. தலைமறைவாயிருந்த வோல்டரின் இருப்பிடத்தை அவரிடமிருந்து அறிவதே பொலிசாரின் நோக்கம். மூத்த மகன் மக்ஸ் அப்பொழுது பதினேழு வயதினன், அவனும் கைதானான். தனிமைச் சிறையில் இருந்த தாயிடம், வீட்டில் விடப்பட்ட பிள்ளைகளின் பெயரைச் சொல்லியே விசாரணையாளர் அவரை வதைத்தனர். கடைசிக் குழந்தை கடுநோயுற்றிருக்கின்றது என்று சொன்னால், தாயும் தாதியுமாகிய ஒருத்தியின் நெஞ்சில் என்ன நிகழும் என்பதை அவர்கள் நன்கறிவர். நோயுற்ற எத்தனையோ பிள்ளைகளின் பக்கத்தில் இருந்தவர், தம் பிள்ளையின் பக்கத்தில் இருக்க வழியின்றிச் சுவரைப் பார்த்திருந்தார். ஆயினும் அவர் வாய் திறக்கவில்லை. அவ்வாண்டு யூலை மாதம் வோல்டர் கைதானார். 1964 யூன் 12ஆம் நாள் ஆயுட்காலச் சிறைத் தண்டனை பெற்று றொபன் தீவுக்கு அனுப்பப்பட்டார். மக்ஸ் நாட்டைவிட்டு வெளியேறினான். அன்னையின் மண்ணை அவன் மீண்டும் மிதித்தது 1990இலேயே.

பின்னர் வந்தவை தடையுத்தரவின் ஆண்டுகள். பதினேழு ஆண்டுகளுக்கும் மேலாக, ஒன்றன்பின் ஒன்றாக, உத்தரவுகள் அவர்மீது வந்தவண்ணம் இருந்தன. அவற்றுட் பத்தாண்டுகள் வீட்டுக்காவல். கூட்டங்களிற் கலந்துகொள்ளல் ஆகாது. அவர் கூற்றைப் பத்திரிகை வெளியிடல் ஆகாது. பகலிற் பணிக்குச் சென்று மாலையில் வீடு திரும்பிவிட வேண்டும். அரசு எல்லாவற்றையும் தடுத்தும் தாதித் தொழிலைத் தடுக்கவில்லை. அத்தொழில் இல்லாதிருந்தால் அக்குடும்பம் சிதறியிருக்கும். அது போதாதபோது தையலும் பின்னலும் துணை நின்றன. பாந்துக் கல்வியினின்று காக்கும் பொருட்டுப் பிள்ளைகளைச் சுவாசிலாந்தின் விடுதிப் பாடசாலைகளுக்கு அனுப்பிவைத்தார். றொபன் தீவில் முதலாண்டுகளில் ஆறு மாதத்திற்கு ஒரு சந்திப்பு, ஒரு கடிதம் என்பதே விதி. ஆயிரத்து நானூறு கிலோமீற்றர் அளவு பயணஞ்செய்து, கடல் கடந்து, தடுப்புக்கு அப்பால் நின்ற கணவரைச் சிறிது நேரம் கண்டு அவர் திரும்பினார். இருபத்தாறு ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன.

இவ்விடத்திலே ஒரு வினா எழுதல் இயல்பு. மகள் லிந்திவே 1976இல் கைதாகிப் பதினொரு மாதம் தடுப்புக்காவலில் இருந்து, பின் நாடு நீங்கினார். பத்திரிகையாளரான ஸ்வெலாக்கே எண்பதுகளில் ஏறத்தாழ இரண்டு ஆண்டு விசாரணையின்றிச் சிறையிருந்தார். பிள்ளைகளின் வாழ்வை இத்துணைத் துன்பத்தில் ஆழ்த்திய ஒருத்தியை நல்ல தாய் எனலாமா? பிள்ளையின் பாதுகாப்பே தாய்மையின் முதற்கடன் என்போர்க்கு இவ்வினா எளிதில் அடங்காது. வாய்மூடி இருந்திருந்தால் அப்பிள்ளைகள் காக்கப்பட்டிருப்பர் எனக் கொள்வதற்கு முன், அந்நாட்டில் வாய்மூடியிருந்த தாய்மாரின் பிள்ளைகள் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதையும் நோக்குதல் வேண்டும். 1976 யூன் மாதம் சொவெற்றோவில் சுடப்பட்டு வீழ்ந்த சிறுவர்களின் தாய்மார் எல்லாரும் போராளிகள் அல்லர். அடைந்த வீட்டினுள்ளும் பிள்ளைக்குப் பாதுகாப்பில்லாத நாட்டிலே, வீட்டை மட்டும் காத்தல் தாய்மை ஆகாது என்பதே அல்பேர்ட்டினா கண்ட முடிவு. அம்முடிவின் விலையை அவரும் பிள்ளைகளும் சேர்ந்தே செலுத்தினர். அது சிறிய விலையன்று.

விசுவாசத்தைப் பற்றியும் இங்கே சிந்தித்தல் பொருத்தமாகும். இனவொதுக்கற் கொள்கையை வகுத்த அமைச்சர்களும் கிறிஸ்தவர்களே. அதற்கு வேதாகமத்தினின்று நியாயம் காட்டியது அந்நாட்டு வெள்ளையரின் டச்சுச் சீர்திருத்தத் திருச்சபை. உலகச் சீர்திருத்தத் திருச்சபைகளின் கூட்டமைப்பு 1982இல் ஒட்டாவா நகரிற் கூடி, இனவொதுக்கலுக்கு இறையியல் நியாயம் கற்பித்தல் சமய விரோதம் எனப் பிரகடனஞ் செய்தது. அறிஞர்கள் பல்லாண்டு வாதித்து வந்தடைந்த இம்முடிவை, வைத்தியசாலைத் தரையிற் கிடந்த காயப்பட்டோரிடையே நின்ற பயிற்சித் தாதியொருத்தி நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே உணர்ந்துவிட்டாள். வேதத்தை அதிகாரத்தின் பக்கத்தில் இருந்து வாசிப்போரும், நோயாளியின் பக்கத்தில் இருந்து வாசிப்போரும் ஒரே வசனத்தில் இருவேறு பொருள் காண்கின்றனர்.

எண்பதுகளின் முற்பகுதியில் மாநகரப் பணியினின்று ஓய்வு பெற்ற பின்னும் அவர் ஓயவில்லை. 1983இல் மீண்டும் கைதாகிச் சிறையிருக்கையில், ஐக்கிய சனநாயக முன்னணியின் மூன்று தலைவர்களுள் ஒருவராகத் தெரிவானார். 1984 முதல், சொவெற்றோவில் ஏழை மக்களின் வைத்தியர் எனப் பெயர்பெற்ற அபூபக்கர் அஸ்வாத்தின் மருத்துவ நிலையத்தில் தாதியாகப் பணிபுரிந்தார். அஸ்வாத் முஸ்லிம், அரசியலிலோ முன்னணிக்கு எதிரணியான அசானிய மக்கள் அமைப்பின் சுகாதாரப் பொறுப்பாளர். இவ்விரு அணியினரும் தெருக்களில் ஒருவரையொருவர் தாக்கிய நாள்களிலும், ஒரே கூரையின் கீழ் ஒரே நோயாளியை இவர்கள் இருவரும் கவனித்தனர். கணவரைச் சிறையிற் காணச் செல்லும் நாள்களுக்கு அவர் மனமுவந்து விடுமுறை அளித்தார். 1989 சனவரி 27ஆம் நாள், நோயாளர்போல் வந்த இளைஞர் இருவர் அவ்வைத்தியரைச் சுட்டுக் கொன்றனர். வெடியோசை கேட்டு ஓடிச் சென்ற தாதிக்கு அப்பொழுது எழுபது வயது. மகன்போற் கருதியவரின் பக்கத்தில் இறுதியாக இருந்தவரும் அவரே.

அவ்விழப்பு அத்தோடு முடியவில்லை. 1997இல் உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழுவின் முன், அம்மருத்துவ நிலையத்தின் நோயாளர் அட்டையொன்றில் உள்ள கையெழுத்து அவருடையதா என்னும் வினா எழுந்தது. முன்பு ஒரு நேர்காணலிற் கூறியதற்கும் ஆணைக்குழுவிற் கூறியதற்கும் முரண் காணப்பட்டது. பழைய தோழமையின் பொருட்டு அவர் தயங்குகின்றாரோ என்னும் ஐயமும் வெளிப்படையாகவே கேட்கப்பட்டது. அவர் தாமே விரும்பி மீண்டும் ஆணைக்குழுவின் முன் வந்து விளக்கமளித்தார். எல்லாரும் அவ்விளக்கத்தால் நிறைவுற்றனர் எனல் முடியாது. போற்றப்படும் வாழ்வுகளிலும் விடையிறுக்கக் கடினமான பக்கங்கள் உண்டு. அவற்றை மறைத்து எழுதப்படுவது துதியேயன்றி வரலாறு ஆகாது.

1989 ஒக்டோபர் 15ஆம் நாள் வோல்டர் விடுதலையாகி ஓர்லாண்டோ வீட்டிற்கு வந்து சேர்ந்தார். 1994இல் அல்பேர்ட்டினா பாராளுமன்ற உறுப்பினரானார். புதிய பாராளுமன்றத்திலே மண்டேலாவின் பெயரை சனாதிபதிப் பதவிக்கு முன்மொழிந்தவர் அவரே. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் தம் மணப்பந்தலில் தோழராக நின்றவரை அவர் நாட்டின் முன் நிறுத்தினார். 1999இல் அரசியலினின்று ஓய்வு பெற்றார். 2003 மே 5ஆம் நாள் வோல்டர், தம் தொண்ணூற்றோராவது பிறந்த நாளுக்கு இரு வாரம் இருக்கையில், மனைவியின் அணைப்பிலேயே உயிர் நீத்தார். ஐம்பத்தெட்டு ஆண்டு மணவாழ்வில் இருபத்தாறு ஆண்டைச் சிறை தின்றபோதும், கணவரின் கடைசி மூச்சின்போது பக்கத்தில் இருக்கும் பேறு அத்தாதிக்கு வாய்த்தது. 2011 யூன் 2ஆம் நாள் தமது தொண்ணூற்றிரண்டாவது வயதில் அவரும் மறைந்தார்.

தாதி, மனைவி, தாய், விசுவாசி என நான்கு பெயர்களை ஒருத்தி தாங்கும்போது அவை ஒன்றோடொன்று மோதும் என்பது பொதுவான எண்ணம். அல்பேர்ட்டினாவின் வாழ்விலும் மோதாமல் இல்லை. சிறைச்சுவரின் முன் தாய்மையும் கடமையும் மோதியதைக் கண்டோம். ஆயினும் நான்கினுள்ளும் ஓடிய சரடு ஒன்றே. துன்புறுவோரை விட்டு அகலாமை என்பதே அது. கட்டிலின் பக்கம், கணவரின் பக்கம், பிள்ளைகளின் பக்கம், மக்களின் பக்கம் என இடம் மாறியதே தவிர நிலை மாறவில்லை. மருந்தும் மருத்துவனும் இருந்தும் உழைச்செல்வான் இல்லையேல் நோய் தீராது என்பது பழைய மருத்துவத்தின் துணிபு. ஒரு சமுதாயத்தின் நோயும் அத்தகையதே. அதனைத் தீர்க்கும் அறிவுடையோர் பலராகவும், பக்கத்தே இருந்து உறங்காது காப்போர் சிலராகவும் இருக்கும் வரை, அந்நோய் நீடிக்கவே செய்யும்.